புதுவையின் ஜனக் கணக்கு

இந்தியாவின் அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்கு 2027-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதியைக் கணக்கு நாளாகக் கொள்வதென்று மத்திய சர்க்கார் 2025 ஜூன் மாதத்தில் அறிவித்தார்கள். 2021-ல் எடுத்திருக்கவேண்டிய கணக்கு இது. கொரோனா நோயை முன்னிட்டு முதலில் ஒத்திப்போட்டார்கள். நோய் தணிந்த பிறகும் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அதன் பயனாக, ஓர் ஊரின் ஜனத்தொகையைப் பற்றிப் பேசவேண்டுமானால் ஒன்று 2011-ம் வருஷத்துக் கணக்கைச் சொல்லவேண்டும், இல்லையேல் ஊகத்தைச் சொல்லவேண்டும் என்ற நிலைமை பல வருஷங்களாக நீடித்தது. புதிய எண்கள் வெளியானவுடன் நம்மவர்கள் முதலில் தேடப்போவது எதை என்பது நமக்குத் தெரிந்ததே. "நம் ஊர் எத்தனையாவது?" என்பதுதான் அந்தக் கேள்வி. மதுரை பெரிதா, கோயமுத்தூர் பெரிதா என்று ரயில் வண்டியில் சண்டையிட்டுக்கொள்கிறவர்களுக்கு இன்னும் பத்து வருஷங்களுக்குச் சரக்கு கிடைத்துவிடும். இதில் தவறு ஒன்றுமில்லை. ஊர்ப்பற்று மனிதனுக்கு இயற்கை. ஆனால் வரிசையில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

2001-ம் வருஷத்துக் கணக்கின்படி புதுச்சேரி முனிசிபாலிடியின் ஜனத்தொகை சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் உழவர்கரை முனிசிபாலிடியின் ஜனத்தொகை சுமார் 2 லட்சத்து 17 ஆயிரம். பத்து வருஷம் கழித்து எண்ணியபோது புதுச்சேரி 2 லட்சத்து 44 ஆயிரமாயிற்று. உழவர்கரையோ 3 லட்சத்தை எட்டிவிட்டது. அதாவது, துய்ப்ளேக்ஸின் தலைநகர், ஆனந்தரங்கப் பிள்ளை தினசரி எழுதிய பட்டணம், தன் சொந்தப் பிரதேசத்திலேயே இரண்டாவது ஊராகிவிட்டது! ஏட்டில் உள்ள எண்களை மட்டும் வைத்துக்கொண்டு தூர தேசத்திலிருந்து ஒருவர் எழுதினால், புதுச்சேரி க்ஷீணித்துவருகிறது என்று எழுதினாலும் எழுதிவிடுவார்.

உண்மையில் நேர்ந்தது என்ன? புதுச்சேரியில் வாசம் செய்கிறவர்களுக்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை. நான்கு புல்வார் வீதிகளுக்குள் அடங்கிய பழைய பட்டணம் நிரம்பிப் போய் வெகு காலமாயிற்று. வீடு கட்டுகிறவன் மேற்கேயும் வடக்கேயும் போகிறான். ரெட்டியார்பாளையம், இலாசுப்பேட்டை, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், கோரிமேடு என்று அவன் போகும் இடமெல்லாம் உழவர்கரை எல்லைக்குள் இருக்கிறது. ஜிப்மர் வைத்தியசாலையும் அங்கேதான். தொழிற்பேட்டைகளும் விமான நிலையமும் அங்கேதான். அவன் காலையில் புறப்பட்டு வேலைக்கு வருவது பட்டணத்துக்கு. காய்கறி வாங்குவது பெரிய மார்க்கெட்டில். சாயங்காலம் காற்று வாங்குவது கடற்கரையில். எந்த ஊர் என்று கேட்டால் "பாண்டி" என்பானே தவிர, உழவர்கரை என்று சொல்லமாட்டான். 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய பட்டணத்தை மீண்டும் எழுப்பிய லா என்ற கவர்னரின் பெயரைத் தாங்கிய இலாசுப்பேட்டை, அந்தப் பட்டணத்தைக் கணக்கில் தோற்கடித்த ஊரின் ஒரு பாகமாக இருப்பது சரித்திரத்தின் சிறு பரிகாசம். புதுச்சேரி குறையவில்லை, வளர்ந்தது. வளர்ந்த பாகம் கோட்டுக்கு அப்பால் விழுந்தது, அவ்வளவே. கோட்டுக்கு அப்பால் என்பதோடும் அது நிற்கவில்லை. கடலோரமாக வடக்கே நடந்து போகிறவன் கோட்டக்குப்பத்தில் கால் வைக்கும்போது புதுச்சேரியையே விட்டுத் தமிழ்நாட்டின் விழுப்புரம் ஜில்லாவுக்குள் போய்விடுகிறான். வீடுகளின் வரிசையில் இடைவெளி கிடையாது. ராஜ்யம் மட்டும் மாறிவிடுகிறது.

கோடு மாறினால் வரிசை மாறும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய திருஷ்டாந்தம் சமீபத்தில் கிடைத்தது. ஐக்கிய நாடுகள் சபை 2018-ல் வெளியிட்ட அறிக்கையில் உலகின் முதல் பெரு நகரம் டோக்கியோ. ஜகார்த்தாவுக்கு ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள். 2025-ல் வெளியிட்ட அறிக்கையிலோ ஜகார்த்தா முதலாவதாகிவிட்டது; ஜனங்கள் சுமார் 4 கோடி 20 லட்சம்! ஏழு வருஷத்தில் ஓர் ஊர் நாலு மடங்காவதுண்டோ? இல்லை. ஒவ்வொரு தேசமும் தன் இஷ்டப்படி வகுத்திருந்த நகர எல்லைகளை விட்டுவிட்டு, வீடுகள் எதுவரை நெருங்கியிருக்கின்றனவோ அதுவரை ஒரே நகரம் என்று எல்லா தேசங்களுக்கும் பொதுவாக ஓர் அளவுகோலை இம்முறை கையாண்டார்கள். நம் சென்னையிலும் 2011-ல் இத்தகையதொரு வேடிக்கை நடந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த கார்ப்பரேஷன் எல்லையை 426 சதுர கிலோமீட்டராக விஸ்தரித்தார்கள். 46 லட்சம் ஜனங்கள் இருந்த கார்ப்பரேஷன் 66 லட்சத்தைத் தாண்டிற்று. அம்பத்தூர்க்காரரும் ஆலந்தூர்க்காரரும் குடி பெயராமலே சென்னைவாசிகளாயினர்.

எல்லாம் கோட்டின் மாயை என்று நாம் சொல்லவரவில்லை. சில மாறுதல்களுக்குப் பின்னால் தேசத்தின் சரித்திரமே நிற்கிறது. 1901-ல் இந்தியாவின் பெரிய நகரங்கள் கல்கத்தா, பம்பாய், சென்னை என்ற வரிசையில் இருந்தன. டில்லிக்கு அப்போது இரண்டு லட்சம் ஜனங்களே. 1911-ல் தலைநகரம் அங்கே போயிற்று. 1947-ல் தேசப் பிரிவினையால் வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். 1951-ல் சென்னைக்கு அடுத்தபடியாக வந்த டில்லி, 1961-ல் சென்னையைத் தாண்டிவிட்டது. நூற்றாண்டு காலம் முதலிடத்தில் இருந்த கல்கத்தா 1991-ல் பம்பாய்க்கு அதை விட்டுக்கொடுத்தது. தமிழ்நாட்டில், 1901-ல் மதுரையின் ஜனத்தொகையில் பாதி அளவே இருந்த கோயமுத்தூர், பைக்காரா மின்சாரமும் பஞ்சாலைகளும் கைகொடுக்க, 2001-ல் இரண்டாயிரம் பேர் வித்தியாசத்தில் மதுரைக்கு முன்னே நின்றது.

புதுச்சேரிக்கு அடுத்த வீட்டுச் சங்கதியையே பார்ப்போம். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டபோது ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமாயிருந்தது கடலூரில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டை. கடலூரும் புதுச்சேரியும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்ற காலம் அது. 1901-ல் கடலூர் முனிசிபாலிடிக்கு 52 ஆயிரம் ஜனங்கள். புதுச்சேரிப் பட்டணத்துக்கு 27 ஆயிரம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பழைய பட்டணம் எல்லாம் சேர்ந்தது கடலூர் என்பதையும் மறந்துவிடலாகாது. அங்கேயும் கோடு தன் வேலையைச் செய்திருக்கிறது. என்றாலும், அக்காலத்துப் புதுச்சேரி சிறிய ஊர் என்பதில் சந்தேகமில்லை. சுற்றிலும் ஆங்கிலேயர் சுங்கச் சாவடி. பிரதேசமோ துண்டு துண்டாகக் கிழிந்த துணி. ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டப் போனவர்கள், சைகோனுக்கு உத்தியோகம் தேடிப் போனவர்கள் என்று ஜனங்கள் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். ஆயினும் அந்தச் சிறிய ஊர்தான் 1908-ல் பாரதிக்கும் 1910-ல் அரவிந்தருக்கும் அடைக்கலம் கொடுத்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் இருந்த சென்னையால் அதைக் கொடுக்க முடியவில்லை.

1954-க்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. சுங்கச் சாவடி போயிற்று. ஆஸ்பத்திரியும் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. 1985-ல் சர்வகலாசாலை ஏற்பட்டது. தென்னார்க்காட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 2011-ல் கடலூருக்கு 1 லட்சத்து 73 ஆயிரம். புதுச்சேரிக்கும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் சேர்த்து 6 லட்சத்து 57 ஆயிரம். இது கோடு செய்த வித்தையல்ல. விடுதலையும் இணைப்பும் செய்த காரியம்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்கவேண்டும். மத்திய சர்க்கார் தம் சிப்பந்திகளுக்கு வீட்டு வாடகைப் படி கொடுப்பதற்காக ஊர்களை ஜனத்தொகைப்படி வகுத்திருக்கிறார்கள். 5 லட்சத்தைத் தொட்ட ஊருக்கு ஒரு விகிதம். தொடாத ஊருக்கு அதைவிடக் குறைந்த விகிதம். 2001-ல் புதுச்சேரி, உழவர்கரை, சுற்றுப்புறம் மூன்றையும் கூட்டியபோது 5 லட்சத்து 5 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. தனித் தனியாகப் பார்த்தால் ஒன்றும் அதில் பாதியைக்கூட எட்டாது. ஆக, உத்தியோகஸ்தருக்குப் படி அளக்கும்போது இது ஒரே பட்டணம். சாக்கடையைத் துப்புரவு செய்வது யார் பொறுப்பு என்று கேட்கும்போது இது இரண்டு முனிசிபாலிடி. சரி, அந்த இரண்டு முனிசிபாலிடிகளிலாவது ஜனங்களுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், அப்போதுதான் உண்மையான வியாதி தெரியவரும்.

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் கொம்யூன்களை ஏற்படுத்தியது 1880-ல். உழவர்கரையும் அவற்றில் ஒன்று. அந்நியர் கொடுத்த அந்த ஸ்தல சுயாட்சியில் ஊழலும் அடிதடியும் இல்லாமலில்லை. தேர்தல் நாளன்று தலைகள் உடைந்த கதைகள் இன்றும் அங்கே வழங்குகின்றன. ஆனால் மேயர் என்று ஒருவரும் கவுன்சிலர்கள் என்று சிலரும் இருந்தார்கள். 1954 மார்ச்சு மாதத்தில் இந்தியாவோடு சேரவேண்டுமென்று தீர்மானம் செய்தவர்கள் அந்த மேயர்களும் கவுன்சிலர்களுமே. அவ்வருஷம் அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடி வாக்களித்த 178 பேர் யார்? முனிசிபல் கவுன்சில்களிலும் பிரதிநிதி சபையிலும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நம்முடையதாயிற்று. புதுச்சேரியை இந்தியாவிடம் சேர்ப்பித்த வாக்குகளில் முனிசிபல் கவுன்சிலரின் வாக்கும் சேர்ந்திருந்தது.

அந்தக் கவுன்சிலருக்குச் சுதந்திர இந்தியா செய்த கைம்மாறு என்ன? 1968-ல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் 2006-ல்! இடையில் முப்பத்தெட்டு வருஷங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடந்தே தீரவேண்டுமென்று 74-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு 1993-ல் அமுலுக்கு வந்த பிறகும் பதின்மூன்று வருஷம் சென்றது. 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. ஜனங்களை எண்ணியதும் அதே வருஷத்தில்தான்! 2021-ல் மறுபடியும் தேர்தல் தேதிகள் குறிக்கப்பட்டன. இட ஒதுக்கீட்டைப் பற்றிய வழக்கில் அவை மூழ்கிப்போயின. உழவர்கரை முதலிடத்துக்கு வந்தது என்று கணக்கு சொல்லிற்று. அந்த முதலிடத்து ஊருக்கு ஒரு தலைவர் இல்லை. மூன்று லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்ன சர்க்கார், அந்த மூன்று லட்சம் பேர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

"சிறிய பிரதேசம், முப்பது பேரை ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் சட்டசபை இருக்கிறது, தொகுதிக்குத் தொகுதி எம்.எல்.ஏ. இருக்கும்போது கவுன்சிலர் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எல்லாக் கட்சிகளிலும் உண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தெருக் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது என்று சொல்லப் போகிறவன் சட்டசபை அங்கத்தினர் வீட்டு வாசலில் காத்திருக்கவேண்டும் என்பதே இவர்கள் விரும்பும் ஏற்பாடு. அதிகாரம் கீழே இறங்கினால் தம் கையில் குறையும் என்ற பயம்தான் இதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். இரண்டு முனிசிபாலிடிகளையும் ஒன்றாக்கிக் கார்ப்பரேஷன் ஆக்கிவிட்டால் புதுச்சேரி வரிசையில் பல படிகள் ஏறிவிடும் என்ற யோசனையும் அவ்வப்போது கேட்கிறது. அதில் நன்மை இருக்கலாம். ஒரே பட்டணத்துக்கு ஒரே குடிநீர்த் திட்டமும் ஒரே சாக்கடைத் திட்டமும் வேண்டியது நியாயந்தான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் இரண்டு ஊர்களின் பிரதிநிதிகள். அவர்களே இல்லாதபோது, யாருடைய சம்மதத்தின் பேரில் கோட்டை அழிப்பது? அன்றியும், வரப்போகும் கணக்குக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-க்கு மேல் மாற்றலாகாது என்று கணக்கு இலாகாவார் கட்டளையிட்டிருந்தார்கள்.

கணக்கெடுக்கும் சிப்பந்தி புதுவையில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், என்ன ஜாதி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். ஜனங்கள் பதில் சொல்லுவார்கள், சொல்லவும் வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கு எண்கள் போதவில்லை என்ற சாக்கு அதோடு தீர்ந்துவிடும். ஆகவே வார்டுகளை வகுத்து, ஒதுக்கீட்டை நிர்ணயித்து, முனிசிபாலிடிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நாளைக் குறிக்கும் வேலையைப் புதுவை சர்க்கார், கணக்கு வெளியானபின் ஆறு மாதத்துக்குமேல் தள்ளிப்போடலாகாது. குறிக்கத் தவறினால், கட்சி வித்தியாசம் பாராமல் புதுவை ஊழியர்கள் சட்டசபையின் வாசலில் கேட்கவேண்டியது இந்தத் தேதியைத்தான்.