ரசீது இல்லாத காசு

வங்கியில் கட்டுவது பணம். பள்ளிக்கூடத்தில் கட்டுவதும் பணம். திருவிழாவுக்குப் போகும் பேரன் கையில் தாத்தா திணிப்பது காசு. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்பது காசு. செத்தவர் நெற்றியில் ஒட்டுவது காசு. ஆபீசில் மேசைக்கு அடியில் போவதும் காசுதான்.

எல்லா ஊர்த் தமிழிலும் இப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் சம்பளமும் காசுதான், கடனும் காசுதான். சிங்கப்பூரில் நூறு காசு சேர்ந்தால் ஒரு வெள்ளி. தமிழ்நாட்டுப் பேச்சில் மட்டும் எழுதப்படாத ஒரு விதி ஓடுகிறது: ரசீது உண்டென்றால் பணம், இல்லையென்றால் காசு. விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் தோராயமாகச் சரி.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் காசுக்குத்தான் கெட்டியான ரசீது இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். இராசராசன் காலத்தில் கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது பன்னிரண்டரை சதவீதம். அப்படி ஒரு கடனின் வட்டியில் சாமியின் திருமஞ்சன நீருக்கு ஏலமும் செண்பக மொட்டும் வாங்க வேண்டும். யார் கொடுத்தது, எந்த ஊர் வாங்கியது, வட்டி எதற்கு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. தவணை, சந்திர சூரியர் உள்ளவரை.

பிறகு காசு சில்லறையாகத் தேய்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. மதிப்பு இறங்கிய சொல் எல்லார் வாயிலும் ஏறியது. காசு பார்க்கிறான், எதையும் காசாக்குகிறான், அரசியலில் செல்லாக்காசு ஆகிவிட்டான் என்று பேச்செல்லாம் காசு.

அதே தஞ்சாவூரில் 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தல் நடக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பட்டுவாடா நடந்ததென்று தேர்தல் ஆணையம் அங்கும் அரவக்குறிச்சியிலும் தேர்தலை நிறுத்தியது. கடைசியில் நவம்பர் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அதற்குப் பதினொரு நாள் முன்னால்தான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்திருந்தது. அடுத்த ஆண்டு ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் என்று நிறுத்தங்கள் தொடர்ந்தன.

வாக்காளர்களுக்குக் கொடுப்பதைப் பத்திரிகைகள் ‘பணப் பட்டுவாடா’ என்று எழுதுகின்றன. தெருவில் இதன் பெயர் ‘ஓட்டுக்குக் காசு’. தெரு சரியாகவே சொல்கிறது. ரசீது இல்லாத காசில் இரண்டு சாதி உண்டு. பாசத்தாலும் நம்பிக்கையாலும் ரசீது கேட்காதது ஒன்று. திருட்டு என்பதால் ரசீது போட முடியாதது மற்றொன்று. ஓட்டுக்குக் காசு இரண்டாவது சாதி, முதலாவதன் வேடத்தில் வருகிறது. தெரிந்த முகம் ஒன்று வாசலுக்கு வந்து, “அக்கா, வீட்ல எத்தன ஓட்டு?” என்று கேட்டு, எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போகிறது. “காசு வாங்கிட்டோமே, மாத்திப் போட மனசு வருமா?” என்கிறார் வாங்கியவர். இதைப் பேராசை என்று திட்டுவது எளிது. இது ஒருவகை நேர்மை. கொடுத்தவர்கள் விலைக்கு வாங்கியிருப்பது இந்த நேர்மையைத்தான்.

பறக்கும் படை நோட்டுக்கட்டைப் பிடிக்கலாம். மனசுக்குள் விழும் இந்த முடிச்சைப் பிடிக்கப் படை கிடையாது. அதைப் பேசித்தான் அவிழ்க்க வேண்டும். அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று வாசலிலேயே கேட்கலாம். போடாத சாலைக்கு எழுதிய பில்லிலிருந்தும், அள்ளிய மணலிலிருந்தும், மேசைக்கு அடியில் போனதிலிருந்தும் வந்திருந்தால், அது வாங்கியவரின் சொந்தக் காசு. தன் காசில் கொஞ்சம் தன்னிடம் திரும்பியதற்காக யாரும் யாருக்கும் விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.