இருக்கும் சரக்கு எங்கே இருக்க வேண்டும்?

"பருப்பு தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள்."

ரேஷன் கடை வாசலில் இந்தப் பதிலைக் கேட்டிராத குடும்பம் உண்டா? மேலூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு இன்னொரு முறை வருவதென்றால் கூலி போய்விடும். அதே வேளையில் பக்கத்து ஊர்க் கடையில் பருப்பு தேங்கிக் கிடக்கலாம்.

2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்றாயிற்று. மக்களுக்கு இது நன்மை. ஆனால் எந்தக் கடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்வது முன்பைவிடக் கடினம். கார்டுகளை எண்ணிச் சரக்கு அனுப்பினால் மட்டும் போதாது.

இதற்குக் கணக்கில் வழி உண்டு. நான்கு கடைகள் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு ஒவ்வொன்றிலும் 10 மூட்டை கூடுதலாக வைத்தால் மொத்தம் 40 மூட்டை. அவற்றை நடுவே ஒரு கிடங்கில் வைத்தால் 20 மூட்டையே போதும்! எப்படி? ஒரு கடையில் கூட்டம் கூடும்போது இன்னொன்றில் குறையும். கூடுதலும் குறைவும் ஈடாகும். கடைகள் 4 என்றால் 2 மடங்கு. 9 என்றால் 3 மடங்கு. இதுவே வர்க்கமூலக் கணக்கு.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கேட்டவுடன் கிடங்கிலிருந்து லாரி புறப்பட வேண்டும். மேலும், தீபாவளி, பொங்கல் சமயத்தில் எல்லாக் கடைகளிலும் ஒன்றாகக் கூட்டம் கூடும். அப்போது இந்தக் கணக்கு உதவாது. முன்கூட்டியே கடைகளை நிரப்பத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விற்ற பொருள் கடையிலுள்ள கருவியில் பதிவாகிறது. வெறும் பையோடு திரும்பியவர் பதிவாவதில்லை. 100 பேர் வந்து, 80 பேருக்கே பொருள் கிடைத்தால், தேவை 80 பேருக்குத்தான் என்று கணக்கு பேசும். அடுத்த மாதமும் அதே பற்றாக்குறை!

1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்திடம் கிடங்குகள் இருக்கின்றன. உசிலம்பட்டியானாலும் திருமங்கலமானாலும் வழி ஒன்றே. கிடங்கில் கொஞ்சம் சரக்கை நிறுத்திவையுங்கள். தீர்ந்த கடைக்கு மாத நடுவில் இன்னொரு நடை அனுப்புங்கள். திரும்பிப் போனவர்களையும் எழுதிவையுங்கள்.

பெரிய செலவில்லை. ஏழையின் ஒரு நாள் கூலிக்கும் மதிப்புண்டு என்ற எண்ணம் வேண்டும், அவ்வளவுதான்.