அலமேலுவா, பத்மாவதியா?

திருச்சானூர் தாயாருக்குப் பெயர் ஒன்றல்ல. தெலுங்கில் பேசுகிறவர்களுக்குப் பத்மாவதி அம்மவாரு. தமிழர்களுக்கு அலர்மேல்மங்கை, வீட்டுப் பேச்சில் அலமேலு. ஊருக்கேகூட அலமேலு மங்காபுரம் என்று இன்னொரு பெயர் உண்டு. எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாலும் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. இதே பெயர்கள் ஒரு முன்னாள் சிப்பாயின் மனைவிக்கு வாய்த்துவிட்டால்தான் வம்பு.

திருப்பதி, சித்தூர், எல்லையைத் தாண்டினால் வேலூர் என்று இந்தப் பக்கம் ஓய்வு பெற்ற ராணுவத்தினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் புழங்கும். தமிழருக்குப் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து அப்பாவினுடையது. தெலுங்கருக்கு அது வீட்டுப் பெயர், 'இன்டி பேரு'. ஆள் சேர்ப்பு மையத்தில் இந்த வித்தியாசமெல்லாம் எடுபடாது. இனிஷியலை விரித்துச் சொல் என்பார்கள். சொன்னதை ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதுவார்கள். சுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் டிஸ்சார்ஜ் புத்தகங்களில் காணக் கிடைக்கும்.

அவர் பெயராவது பரவாயில்லை. பதினைந்து, இருபது வருடம் தினமும் கூப்பிட்டு, எழுதி, சம்பளம் கொடுத்த பெயர். மனைவியின் பெயர் அப்படியல்ல. கல்யாணத்துக்கு லீவில் வந்துவிட்டுத் திரும்பியதும் யூனிட் குமாஸ்தாவிடம் வாயால் சொன்ன பெயர் அது. அவர் அதைப் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் ஏற்றுவார். ஒரு சிப்பாயின் கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் ராணுவத்தைப் பொறுத்தவரை இந்த உத்தரவில் ஏறினால்தான் நடந்ததாக அர்த்தம். அதில் 'அலமேலு' என்று இருக்கும். ஆதாரில் 'அலமேலு மங்கம்மா'. வங்கிக் கணக்கில், மாமியார் கூப்பிட்ட பழக்கத்தில், 'பத்மாவதி'. மூன்றும் ஒரே பெண்மணி என்பது தெருவுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

கணவர் இருக்கும்வரை இது யாருக்கும் உறைப்பதில்லை. பென்ஷன் அவர் பெயரில் வருகிறது. கேன்டீன் கார்டு பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் மனைவிக்குக் கார்டு எடுக்கப் போகும்போது சிலருக்கு முதல் இடி விழும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அவர் கண்ணை மூடிய பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

குடும்ப ஓய்வூதியத்தின் சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். ஓய்வு பெற்றவர் இறந்தால் முதல் 7 ஆண்டுகளுக்கு, அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயதாகும் நாள் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை, உயர்ந்த விகிதம் கிடைக்கும். குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், அதன் மேல் அகவிலை நிவாரணம். பெரிய தொகை அல்ல. ஆனால் வேறு வருமானம் இல்லாத வீட்டில் அரிசியும் மாத்திரையும் இதில்தான் வருகின்றன.

பென்ஷன் உத்தரவில், அதாவது பி.பி.ஓ.வில், உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் காகிதம் பயணம் கிளம்பிவிடும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவண அலுவலகம் வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரில். பீரங்கிப் படை என்றால் நாசிக். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். அங்கே சரி என்றான பிறகு பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்த உத்தரவு போட வேண்டும். அதற்குப் பெயர் 'கோரிஜெண்டம்'. 'இருவரும் ஒருவரே' என்று தாசில்தார் சான்று, மாஜிஸ்திரேட் முன்னால் பிரமாணப் பத்திரம், சில சமயம் பத்திரிகை விளம்பரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நிலுவை முழுவதும் பிறகு வந்து சேர்ந்துவிடும், வாஸ்தவம். மளிகைக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

பிறந்த தேதிக்கும் இதே கதை, ஆனால் அதை யாரும் கவனிப்பதில்லை. 80 வயதானால் ஓய்வூதியத்தில் 20 சதவிகிதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. மனைவியின் பிறந்த தேதியே பதிவில் இல்லாவிட்டால் அவருக்கு 80 ஆனது யாருக்குத் தெரியும்? சிப்பாய்கள் பெரும்பாலும் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெறுகிறவர்கள். மனைவி அதன் பிறகு நாற்பது, ஐம்பது வருடம் வாழ்வது சாதாரணம்.

முன்பு வங்கி மேனேஜர் முகத்தைப் பார்த்தே விஷயத்தை முடித்துவிடுவார். இப்போது 'ஸ்பர்ஷ்' வந்திருக்கிறது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ ஓய்வூதியர்களை ஒரே கம்ப்யூட்டர் அமைப்பில் கொண்டுவந்த ஏற்பாடு. பெயருக்குத் 'தொடுதல்' என்று பொருள். ஆனால் தொட்டுப் பேச ஆள் கிடையாது. 2022 ஏப்ரல் பென்ஷன் மாதக் கடைசியில் 58,275 பேருக்கு வரவில்லை. வருடாந்திர அடையாளச் சரிபார்ப்பு உறுதியாகவில்லை என்பது காரணம். கூச்சல் எழுந்ததும், பாதுகாப்பு அமைச்சகம் மே முதல் வாரத்தில் பணத்தைப் போட்டு, சரிபார்ப்புக்கு மே 25 வரை அவகாசம் தந்தது. அத்தனை பேரும் உயிரோடிருந்தும் அந்தச் சில நாட்கள் கணக்கில் இல்லாதவர்கள்.

உயிர்ச்சான்று நவம்பர் மாதத்துச் சடங்கு. திருச்சானூரில் கார்த்திகை பிரம்மோற்சவம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். பஞ்சமி தீர்த்தத்துக்குக் குளக்கரை நிறைய ஜனம்; இன்னொரு பக்கம் சேவை மையத்தில் கைரேகை வைக்கக் கிழவர்கள் வரிசை. உழைத்துத் தேய்ந்த விரல் எந்திரத்தில் பதியாது. முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2021-ல் வந்த பிறகு கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் பதிவில் இருக்கும் கைபேசி எண் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். அவன் மீட்டிங்கில் இருப்பான். ஓ.டி.பி. காலாவதியாகும்.

இந்த வரிசையில் பென்ஷன் பேச்சு அலுத்ததும் லங்கர் பேச்சு தொடங்கும். லங்கர் என்றால் யூனிட் சமையல்கூடம். சியாச்சினில் 1984 முதல் நம் படை நிற்கிறது. 5,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, சோறு நடுவில் கல்லாக நிற்கும். பிரித்துச் சுடவைத்தால் சாப்பாடு என்கிற பொட்டலங்களை மைசூரில் 1961-ல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கித் தந்தது. உப்புமாவும் புலாவும் சூஜி அல்வாவும் மலைமேல் ஏறியது அப்படித்தான். இதற்கெல்லாம் மூத்தது ஷக்கர்பாரா. மாவில் நெய் பிசறி, சர்க்கரைக் கரைசல் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, சதுரமாக வெட்டிப் பொரிப்பது. நம் ஊர்க் கலகலாவுக்கு வடநாட்டு உறவு. ஈரமில்லாததால் வாரக்கணக்கில் கெடாது; பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஓய்வு பெற்று வந்த பிறகும் தீபாவளிக்குத் தன் கையால் இதைப் போடுகிற மனிதர்கள் உண்டு. அன்று சமையல்கட்டில் மனைவிக்கு இடமில்லை.

லங்கரில் ஆளுக்கு இத்தனை கிராம் ஆட்டா, இத்தனை கிராம் பருப்பு என்று ரிஜிஸ்தர் இருக்கும். வந்தது, செலவானது, மிச்சம் எல்லாம் தினமும் எழுத்தில். லங்கர் கமாண்டராக இருந்தவருக்கு நூறு பேரின் கணக்கு விரல்நுனியில். அதே மனிதர் வீட்டில், வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று மனைவியைக் கேளுங்கள். "அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பார். கணவரின் ராணுவ நம்பர்கூடத் தெரியாது. இதைக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது. பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்கிற பழைய அலட்சியம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மனைவி எதிரில் திறக்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் வைத்து அவர் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். மிகப் பழைய பி.பி.ஓ.க்கள் சிலவற்றில் மனைவி பெயரே இருக்காது. வேறுபாடு இருந்தால் இப்போதே ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். கணவரே கையெழுத்துப் போட்டுக் கேட்கும் திருத்தத்துக்கும், அவர் போன பிறகு மனைவி நிரூபிக்க வேண்டிய திருத்தத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மனுவுக்கு உதவ மாவட்டத்தில் சைனிக நல அலுவலகம் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களும் அங்கே போகலாம். ஹவில்தார் வரையிலான தரத்தில் இருந்து 65 வயது தாண்டிய வறியவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தரும் உதவித்தொகை 2025 நவம்பரிலிருந்து மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது.

முகவரியில் மாவட்டம் மாறியிருப்பதைக் கண்டு திருச்சானூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானதால் பழைய காகிதத்தில் சித்தூர் என்றுதான் இருக்கும். 1960-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போன திருத்தணிக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டார்கள். பெயரில் மட்டும் கறாராக இருங்கள்.

கோரிஜெண்டம் கைக்கு வந்ததும் சந்தோஷத்தில் அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. படித்துப் பார்க்க வேண்டும். அலமேலுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு 'எல்' கூடுதலாக விழுந்திருக்கலாம். அதற்கும் ஒரு கோரிஜெண்டம் உண்டு.