விருந்துப் பெருமையும் வீண் சோறும்

ஆட்டிறைச்சியில்லா விருந்து விருந்தாகாது என்பார் நம்மவரிற் பலர். மலேசியச் சந்தைக்கு அவ்விறைச்சியோ பெரும்பாலும் ஆஸ்திரேலியாவினின்று கப்பலேறி வருவது. செம்மறி அசைபோடுங்கால் வெளியேறும் மீதேன் வாயு, எடைக்கு எடை, கரியமிலவாயுவினும் பன்மடங்கு பூமியைச் சூடாக்கும். இலையில் எஞ்சியதைக் குப்பைமேட்டிற் புதைத்தால் அங்கும் அதே வாயு! கடன்பட்டு நடத்தும் கலியாணத்தில் இக்கேட்டையும் நாம் விலைகொடுத்து வாங்குகின்றோம்.

1942 முதல் 1945 வரை, சப்பானியர் ஆட்சியில், நம்மவர் பலரின் உயிரைக் காத்தது மரவள்ளிக் கிழங்கு. இன்று அதனைப் பந்தியில் வைத்தால் மானம் போய்விடுமாம்! லயத்துப் பின்புறம் நம் பாட்டிமார் வளர்த்த முருங்கையும் பசலையும் ஏழைக்கறியாம்! கடன்காரன் வாசலில் நிற்கும்போது போகாத மானம் கீரையாற் போகுமோ? மணவீட்டாரே, வருவோர் தொகையறிந்து உலையேற்றுங்கள். பருப்பையும் கீரையையும் கிழங்கையும் முதலிற் பரிமாறுங்கள். முகஞ்சுளிக்கும் சம்பந்தி சுளிக்கட்டும்.