கன்றின் ரத்தம் கலவாத கரைசல் வேண்டும்: சின்னாளப்பட்டிக் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், தமிழ்நாடு அரசு

நெசவு, வெள்ளாமை, கறிக்கடை, கல்லூரிப் படிப்பு என்று ஆளுக்கொரு வழியில் வாழும் சின்னாளப்பட்டி வட்டார மக்கள் நாங்கள். செயற்கை இழையில் நெய்த சேலையைத்தான் 'சின்னாளப்பட்டு' என்று தமிழ்நாடு ஆசையாக உடுத்தியது. அதற்காக ஒரு பட்டுப்புழுவும் சாகவில்லை. ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கி உண்டாக்கும் இறைச்சியையும் இன்று 'கொலையில்லாக் கறி' என்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை.

செல் பெருக சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம், வைட்டமின் எல்லாம் கரைந்த நீர் வேண்டும். வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் வேண்டும். அந்தப் புரதங்களுக்காக ஆய்வகங்களில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு கன்றுக்கருச் சீரம் சேர்க்கிறார்கள். சினைமாட்டை அறுத்ததும், வயிற்றிலிருந்த கன்றின் இதயத்தில் ஊசி இறக்கி ரத்தம் எடுத்து, உறையவிட்டுச் சுழற்றிப் பிரிக்கும் தெளிவுதான் சீரம். 2013இல் லண்டனில் மார்க் போஸ்ட் காட்டிய பர்கரும், 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அனுமதித்த கோழிக்கறியும் சீரத்தின் துணையோடு வளர்ந்தவையே. சீரமில்லாத கரைசலுக்கு அந்நாடு ஒப்புதல் தந்தது 2023இல்தான்.

சீரமில்லாமல் வளர்ப்பது முடியாத காரியமில்லை. செல் வளர்ப்புக்கு வேண்டிய புரதங்களில் இன்சுலினும் ஒன்று. மாடு, பன்றிக் கணையத்திலிருந்து எடுத்துவந்த இன்சுலினை இப்போது பெங்களூரு பயோகான் ஈஸ்டில் தயாரிக்கிறது. மற்றப் புரதங்களையும் அப்படிச் செய்யலாம், செலவுதான் இடிக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், மாட்டுச் செல்லுக்கான தங்கள் சீரமற்ற கரைசலில் விலைகூடிய அல்புமின் என்ற புரதத்தை எடுத்துவிட்டு, ராப்சீட் என்ற எண்ணெய்வித்தை ஆட்டியபின் மிஞ்சும் சக்கையின் புரதத்தைப் போட்டுப் பார்த்தார்கள். செல்கள் வளர்ந்தன.

எங்கள் தலையாய கோரிக்கை இதிலிருந்தே வருகிறது. இங்கே செக்கில் கடலை ஆட்டியதும் மிஞ்சும் புண்ணாக்கு, ஊறவைத்து மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. கடலை, எள், பருத்திக்கொட்டைப் புண்ணாக்குப் புரதங்கள் இந்த வேலைக்கு ஆகுமா என்று முறையாகச் சோதிக்க, பக்கத்திலேயே இருக்கும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், தமிழ்நாடு வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களுக்கும் கூட்டாக நிதி ஒதுக்க வேண்டும். கடலையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரும், பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆய்வு அங்கிருந்தே தொடங்கட்டும். புண்ணாக்கு தரும் செக்குக்காரருக்கும் விவசாயிக்கும் விலை பேசிவிட்டுத்தான் மூட்டை எடுக்க வேண்டும்.

2019இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்துக்கும் இதே துறையில் மத்திய அரசு நிதி தந்தது. எந்தக் கரைசலில் என்ன வளர்ந்தது, எது தோற்றது என்பதை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற, உயிரித் தொழில்நுட்ப உற்பத்திக்கான மத்திய அரசின் பயோ-இ3 கொள்கையின் கீழ் இனி தரும் பணத்துக்கும் ஒரு நிபந்தனை போடுங்கள்: அரசுக் காசில் பிறந்த கரைசலின் செய்முறை யார் பெட்டியிலும் பூட்டப்படக் கூடாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய கறிக்கு அனுமதி தரும்போது, வளர்ப்பில் விலங்குச் சீரம் சேர்ந்ததா என்று கேட்டு உறையில் அச்சிடச் செய்ய வேண்டும். சேர்ந்திருந்தால் 'கொலையில்லா' என்ற விளம்பரத்துக்குத் தடை வேண்டும்.

கறிக்கடைக்காரர்களை எதிரியாக்கும் நோக்கம் எங்களுக்கில்லை. கையெழுத்திட்டவர்களில் அவர்களும் உண்டு. திண்டுக்கல் பிரியாணியின் ருசி ஆய்வகத்துக்கு வசப்படுமா என்பது வேறு பஞ்சாயத்து. விதிமுறை எழுதும் குழுவில் அவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் இடம் வேண்டும். வரைவைத் தமிழிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும்.