கடலைத் துளைக்கும் முன் கரையைக் கேட்க வேண்டும்

கடலில் எண்ணெய்த் துரப்பணத்தை விரிவாக்கலாமா என்று அமெரிக்க மக்களிடம் பியூ ஆய்வு மையம் 2010 பிப்ரவரியில் கேட்டபோது, நூற்றுக்கு 63 பேர் சரி என்றார்கள். ஜூனில் அது 44 ஆகச் சரிந்தது. அடுத்த மார்ச்சில் மறுபடியும் 57. இடையில் நடந்தது, 2010 ஏப்ரல் 20 அன்று இரவு மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துரப்பண மேடை வெடித்த விபத்து. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் வாய் திறந்த மகோண்டோ கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கியது. இதற்கு இரண்டு ஆண்டு முன்னால் காற்று வேறு பக்கம் வீசியது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. “இங்கேயே தோண்டுங்கள்” என்ற குரல் தேர்தல் மேடைகளை நிறைத்தது. அதிபர் புஷ் நிர்வாகத் தடையை நீக்கினார். கால் நூற்றாண்டுக்கு மேல் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்த தடையும் அந்த செப்டம்பரோடு காலாவதியானது. ஆக, மக்கள் கருத்தை அசைத்தவை இரண்டு: பெட்ரோல் பங்க்கின் விலைப் பலகை, கடைசியாக நடந்த விபத்து. இரண்டும் மாதக்கணக்கில் மாறுபவை. கிணறு அப்படி இல்லை. 1976-ல் எண்ணெய் தரத் தொடங்கிய மும்பை ஹை இன்னும் தந்துகொண்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்குக் கடலைக் கட்டுப்படுத்தும் முடிவை, அந்தந்த மாத விலையைப் பார்த்து நாடு முழுவதும் சொல்லும் ஆம், இல்லைகளின் மீது நிறுத்தக் கூடாது. யாரைக் கேட்கிறோம், எந்தக் கட்டத்தில் கேட்கிறோம், எதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிறோம் என்பதில்தான் மக்கள் கருத்தின் மதிப்பு இருக்கிறது. இந்த மூன்றிலும் இந்தியா தவறான இடத்தில் நிற்கிறது.

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். துரப்பணத்துக்கு ஆதரவு தரும் பெரும்பாலோர் நம்புவது, சொந்தக் கடலில் எண்ணெய் எடுத்தால் பெட்ரோல் விலை குறையும் என்பதை. அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகமே 2007-ல் இதை ஆராய்ந்து, அட்லாண்டிக், பசிபிக், கிழக்கு வளைகுடாப் பகுதிகளைத் திறந்துவிட்டாலும் 2030-க்கு முன் உற்பத்தியிலோ விலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இராது என்றது. அடுத்த ஆண்டு மேடைகளில் அந்த அறிக்கையை நினைத்தவர்கள் குறைவு. நம் அனுபவமும் இதையே சொல்கிறது. இங்கே எடுக்கப்படும் கச்சா எண்ணெயும் சர்வதேச விலையை ஒட்டித்தான் விற்கப்படுகிறது. அதனால்தான் 2022 ஜூலையில் உலக விலை ஏறியபோது உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்குக் கிடைத்த திடீர் லாபத்தின் மீது ஒன்றிய அரசு டன்னுக்கு 23,250 ரூபாய் வரி போட முடிந்தது. 2020-ல் உலக விலை பாதாளத்துக்குப் போனபோது அந்தப் பலனும் வாகன ஓட்டிக்கு வரவில்லை. மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி கூடியது. நம் பங்க்கில் எழுதப்படும் விலையை உலகச் சந்தையும் வரியும்தான் தீர்மானிக்கின்றன. கிணறு எந்தக் கடலில் இருக்கிறது என்பதற்கு அதில் அநேகமாக இடமே இல்லை.

இந்த நம்பிக்கையை விலக்கிவிட்டால், துரப்பணத்தின் லாபமும் நட்டமும் யார் யாருக்கு என்ற கேள்வி தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் இரண்டு கடலோர மாநிலங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஃப்ளோரிடாவின் பிழைப்பு கடற்கரையும் சுற்றுலாவும். 2018 ஜனவரியில் டிரம்ப் நிர்வாகம் ஏறத்தாழ எல்லாக் கடற்பகுதிகளையும் துரப்பணத்துக்குத் திறக்கத் திட்டம் அறிவித்தபோது, அதே கட்சியைச் சேர்ந்த ஃப்ளோரிடா ஆளுநரே எதிர்த்தார். ஐந்தே நாளில் அந்த மாநிலத்துக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது. அந்த நவம்பரில் மாநிலக் கடலில் துரப்பணத்தைத் தடை செய்யும் அரசியல் சட்டத் திருத்தத்தை வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரித்தார்கள். லூசியானா நேர் எதிர். மகோண்டோ எண்ணெய் தன் சதுப்பு நிலங்களில் படிந்திருந்த 2010 ஜூலையிலேயே, ஒபாமா அரசின் ஆறு மாதத் துரப்பணத் தடையை எதிர்த்து அங்கே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களை விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்க முடியாது. மேடையில் வேலை பார்ப்பவர், மேடைக்குச் சாமான் ஏற்றும் படகுக்காரர், வெல்டர், சமையல்காரர் என்று ஊர் ஊராக அந்தத் தொழிலை நம்பியிருக்கிறார்கள். போதாததற்கு, 2006-ம் ஆண்டுச் சட்டப்படி வளைகுடாவில் தகுதி பெற்ற குத்தகைகளின் வருமானத்தில் 37.5 சதவீதம் லூசியானா உள்ளிட்ட நான்கு மாநிலங்களுக்கும் அவற்றின் கடலோர வட்டாரங்களுக்கும் போகிறது. ஆகவே கடற்கரை மக்கள் எப்போதும் மறுப்பார்கள் என்று நான் வாதிடவில்லை. தங்களுக்கு என்ன வரும், என்ன போகும் என்பதை எடைபோட்டுச் சொல்லும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அந்த எடையே அவர்கள் பதிலை நிலையாக வைத்திருக்கிறது. எண்ணெயால் செல்வந்தமான நார்வேகூட காட் மீன் முட்டையிடும் லோஃபோட்டன் தீவுக் கடலை இன்றுவரை திறக்காமல் இருப்பதற்கு, அந்தக் கரை மீனவர்களின் விடாத எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது குமரிக் கடலுக்கு வருவோம். 2024 ஜனவரியில் தொடங்கிய ஒன்பதாவது சுற்றுத் திறந்தவெளி உரிம ஏலத்தில், குமரி முனைக்குத் தெற்கே சுமார் 27,000 சதுர கிலோமீட்டர் ஆழ்கடல் மூன்று தொகுதிகளாக ஏலத்துக்கு வைக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பைப் போல இது பதினைந்து மடங்குக்கும் மேல். ஏல முடிவில் அவை ஓ.என்.ஜி.சி.யிடம் போயின. தென்முனையில் மீன்வளம் செறிந்த வாட்ஜ் பேங்க் இருக்கிறது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் கடலும் இந்தப் பக்கம்தான். ஏல அறிவிப்பு வெளிவந்ததிலிருந்து குமரி மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அவர்களின் எதிர்ப்பை லூசியானாவின் ஆதரவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். நம் அரசியல் சட்டத்தின் 297-வது பிரிவின்படி கடலடிக் கனிமம் முழுக்க ஒன்றிய அரசுக்குச் சொந்தம். நிலத்தில் எண்ணெய் எடுத்தால் மாநிலத்துக்கு ராயல்டி உண்டு. கடலில் எடுத்தால் அதுவும் டெல்லிக்கே. குமரிக் கரைக்குத் தொழில் வாய்ப்பும் இல்லை, வருமானப் பங்கும் இல்லை. ஆபத்து மட்டும் முழுசாக வருகிறது. நிலத்தில் எண்ணெய் எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடியதன் விளைவாக 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் கொண்டுவர முடிந்தது. கடலுக்கு அப்படியொரு சட்டம் போடும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. அதனால் கடற்கரை மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரே சட்டபூர்வமான இடம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தந்த கருத்துக்கேட்புக் கூட்டம்.

அந்த இடமும் பறிபோயிற்று. 2006-ம் ஆண்டு அறிவிக்கையில் எண்ணெய் எரிவாயுத் திட்டங்கள், ஆய்வுக் கிணறு உட்பட, முதல் நிலையான ‘ஏ’ பிரிவில் இருந்தன. 2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆய்வுக் கட்டத்தை மட்டும் ‘பி2’ பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவில் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டியதில்லை, கருத்துக்கேட்பும் வேண்டியதில்லை. இதற்குச் சொல்லப்படும் நியாயம் கேட்க எளிமையானது: இது வெறும் ஆய்வு, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் துளையிடுகிறார்கள், உற்பத்தி என்று வரும்போது மக்களைக் கேட்கத்தானே போகிறார்கள்? இந்த வாதத்தை மகோண்டோ ஒன்றே உடைத்துவிடுகிறது, ஏனென்றால் மகோண்டோ ஒரு ஆய்வுக் கிணறு. 1979 ஜூனில் மெக்சிகோவின் கம்பேச்சே விரிகுடாவில் வெடித்து, அடுத்த ஆண்டு மார்ச் வரை அடங்காமல் ஓடிய இக்ஸ்டாக்-1 கிணறும் ஆய்வுக் கிணறுதான். அந்த வளைகுடா கண்ட இரண்டு மிகப் பெரிய கசிவுகளும் உற்பத்தி தொடங்கும் முன்பே நடந்தவை. அடியில் உள்ள பாறையின் அழுத்தம் என்ன, எரிவாயு எந்த ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்பது அதிகம் தெரியாத கட்டமே ஆய்வுக் கட்டம் என்பதால், இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை.

அந்த ஏப்ரல் இரவில் மேடையில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. துளையிட்டு முடிந்து, அடியில் சிமென்ட் போட்டு, கிணற்றைத் தற்காலிகமாக மூடிவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று அறிய ஒரு அழுத்தச் சோதனை உண்டு: மேலிருந்து அழுத்தும் கனத்தைக் குறைத்துவிட்டு, கீழிருந்து எதுவும் தள்ளுகிறதா என்று பார்ப்பது. கிணறு சரியாக அடைபட்டிருந்தால் அழுத்தமானி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். துளைக்குழாயில் அது சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு காட்டியது. பக்கத்தில் இருந்த சிறு குழாயில் பூஜ்யம் காட்டியது. இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. மேடையில் இருந்தவர்கள் பெரிய எண்ணுக்கு ஏதோ ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, பூஜ்யத்தை நம்பி, இரவு எட்டு மணி வாக்கில் சோதனை வெற்றி என்று முடிவு செய்தார்கள். 9.49-க்கு மேடை வெடித்தது. கடைசிக் காவலாகக் கடலடியில் பொருத்தியிருந்த அடைப்பான், உள்ளே வளைந்துபோன குழாயை முழுசாக அறுத்து மூட முடியாமல் தோற்றது. அந்நாளில் உலகிலேயே முன்னணியில் இருந்த தொழில்நுட்பமும் அனுபவமும் அங்கே இருந்தன. தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, இனி பயமில்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மகோண்டோ கிணற்றை நடத்திய நிறுவனம் வளைகுடாவுக்காகத் தயாரித்து, அரசு ஒப்புதலும் பெற்ற கசிவுத் தடுப்புத் திட்டத்தில், காக்க வேண்டிய உயிரினங்களில் வால்ரஸும் இடம்பெற்றிருந்தது. ஆர்க்டிக் பனிக்கடல் விலங்கான வால்ரஸ் மெக்சிகோ வளைகுடாவில் கிடையாது. ஆலோசனைக்கு அழைக்க வேண்டிய நிபுணர் என்று அதில் பெயரிடப்பட்ட ஒருவர் 2005-லேயே இறந்திருந்தார். எங்கோ எழுதிய காகிதத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கரையின் இறால் படகுக்காரர் யாராவது ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பார். கருத்துக்கேட்பை வெறும் சம்பிரதாயம், வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று பேசுவோர் கவனிக்க வேண்டியது இதை. வாநீவாடு என்ற கடல் நீரோட்டம் எப்போது திரும்பும், சோநீவாடு என்ற நீரோட்டம் எவ்வளவு வேகம் எடுக்கும் என்று ஆண்டு முழுக்கக் கணித்துப் பிழைக்கும் நம் மீனவர்களுக்கு, சிந்திய எண்ணெய் எந்த மாதத்தில் எந்தக் கரைக்கு வரும் என்பதில் சொல்ல நிறைய இருக்கும். நம்முடைய தயார்நிலை எப்படி என்பதைச் சென்னை பார்த்துவிட்டது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் அப்பிய எண்ணெய்ச் சகதியை மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் அள்ளியவர்களில் பெரும்பாலோர் மீனவர்களே. இவை கரையோரம் நடந்தவை. நிலத்திலிருந்து வெகுதூரத்தில், கடலடியில் ஒரு கிணறு திறந்துகொண்டால் வாளியால் ஆவது ஒன்றுமில்லை.

எதிர்வாதங்களில் கனமானது எரிசக்திப் பாதுகாப்பு. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. மேற்காசியாவில் ஒரு குண்டு விழுந்தால் இங்கே அரசின் கணக்குகள் ஆடுகின்றன. பழைய வயல்கள் வற்றி உள்நாட்டு உற்பத்தியும் ஆண்டுக்கு 30 மில்லியன் டன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்தக் கவலை உண்மையானது. ஆனால் ஆழ்கடல் கிணறு அதற்கு எவ்வளவு மருந்து என்பதைக் கிருஷ்ணா கோதாவரிப் படுகை காட்டுகிறது. 2005-ல் ஓ.என்.ஜி.சி. கைக்கு வந்த ஆழ்கடல் தொகுதியிலிருந்து முதல் எண்ணெய் வந்தது 2024 ஜனவரியில். அதன் உச்ச உற்பத்தி என்று அறிவிக்கப்பட்டது நாளுக்கு 45,000 பீப்பாய். நாட்டின் தேவை நாளுக்கு 50 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. பத்தொன்பது ஆண்டு உழைப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்நியச் செலாவணியில் அதுவும் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கரை மக்களிடம் கேட்கச் சில மாதம்கூடப் பொறுக்க முடியாத அவசரம் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? நாட்டின் தேவையைச் சில மீனவ ஊர்கள் முடக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கருத்துக்கேட்பு யாருக்கும் ரத்து அதிகாரம் தருவதில்லை. முப்பது நாள் முன்கூட்டி அறிவித்து, ஆட்சியர் முன்னிலையில் கூட்டி, திட்டச் சுருக்கத்தைத் தமிழில் கொடுத்து, எழும் ஆட்சேபங்களைப் பதிவு செய்து, அவற்றுக்கு நிறுவனம் பதிலளித்தாக வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. இவ்வளவு குறைந்த உரிமையைக்கூட மறுப்பதற்கு நாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது.

கடலைத் தொகுதி பிரித்து ஏலத்துக்கு வைப்பதற்கு முன்பே கேட்பதுதான் முறை. ஏலம் முடிந்து, கோடிக்கணக்கில் செலவாகி, எண்ணெயும் கண்டுபிடித்த பிறகு கூட்டும் கூட்டத்தில் வேண்டாம் என்ற பதிலுக்கு இடமே இருக்காது. கூட்டம் மாவட்டத் தலைநகர் மண்டபத்தில் நடந்தால் போதாது. கடலோர ஊர்களில், மீனவர்கள் கரையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் எண்ணெய் நகரும் பாதை, அடைக்கும் கருவி எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை நாளில் வரும், தொழில் நின்றால் இழப்பீடு யார் எவ்வளவு தருவார்கள் என்பவை தமிழில், கணக்கோடு முன்னதாகவே மக்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கேரளக் கரைக்கும் இதே உரிமை உண்டு, அங்கே மலையாளத்தில். 2020-ன் மாற்றம் வெறும் அரசிதழ் அறிவிக்கையால் வந்தது. கடல் ஆய்வுக் கிணறுகளை மறுபடி ‘ஏ’ பிரிவில் சேர்க்கவும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, இன்னொரு அறிவிக்கை போதும். தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் கேட்டு வாங்க வேண்டியது அந்த அறிவிக்கையைத்தான், குமரிக்குத் தெற்கே முதல் துரப்பணக் கப்பல் நங்கூரமிடுவதற்கு முன்.