ஆமிக்காரன்ர பெடியன் சொல்லுவது

போன கார்த்திகையில் மங்கரே மண்டபம் ஒன்றின் பின்பக்கத்தில் ஆறு வயதுப் பெடியன் ஒருவனைக் கண்டேன். வரிப்புலி உடுப்பு. இடுப்பு பெரிதாக இருந்தபடியால் பின்னால் ஊசி குத்தியிருந்தார்கள். கையில் மட்டையில் வெட்டிய துவக்கு. "அம்மா, மூத்திரம் வருது" என்றான். ஊசியைக் கழற்றினால் திரும்பக் குத்த நேரமில்லை, பொறு என்றார் தாய்.

இந்த உடுப்பு எதற்கு, பிள்ளை தன் உடுப்போடேயே ஒரு பாட்டுப் பாடட்டுமே என்றேன். விழாவை நடத்தியவர் சிரித்தார். "இவன்ர மாமா மாவீரர். இது போராளிக் குடும்பம். உங்கட அப்பா ஆமியில இருந்தவர்தானே அண்ணை, உங்களுக்கு இது விளங்காது."

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில். எனக்கு விளங்கும்.

அப்பா 1950இல் இலங்கை இராணுவத்தில் சேர்ந்தார். தமிழன் ஆமியில் இருப்பது அந்த நாளில் புதினமல்ல. 1955இல் அதன் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாருவே தமிழர்தான். நான் பிறந்தது 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருடம். வளர்ந்தது தியத்தலாவைக் குவாட்டர்சில். பியூகிள் ஊதினால் எழும்புவோம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியன்தான் கூட்டாளி. இரண்டு அப்பாமாரின் சப்பாத்தும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மினுக்குவது என் வேலை. முகம் தெரியாவிட்டால் திரும்ப மினுக்க வேண்டும். "ஆமி வீட்டுப் பிள்ளை அழக்கூடாது." எங்கள் வீட்டின் முதற் சட்டம் அது. கையெழுத்து வைத்துச் சேர்ந்தவர் அப்பா. கட்டளை எங்கள் எல்லோருக்கும்.

1971 சித்திரையில் ஜே.வி.பி. கிளர்ச்சி. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அப்பா கிழமைக்கணக்கில் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது வழமைபோலச் சப்பாத்தை மினுக்க எடுத்தேன். "வை" என்றார். அதற்குப் பிறகு அதை அவரே துடைத்தார். எங்கே போனார், என்ன செய்தார் என்று அவர் சொல்லவுமில்லை, சாகும்வரை நான் கேட்கவுமில்லை. போராளிக் குடும்பம் என்று பெருமை பேசுகிறவர்களே, இராணுவக் குடும்பம் என்பது இதுதான். கேட்க முடியாத ஒரு கேள்வியோடு ஒரே கோப்பையில் சாப்பிடுவது.

1972இல் அவர் பென்சன் எடுக்க, தென்மராட்சிக்கு வந்தோம். முதலில் "ஆமிக்காரர் வீடு" என்பது மரியாதைப் பெயர். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஆடிக்குப் பிறகு அந்தப் பெயர் வசவாகிவிட்டது. அப்பா பென்சனுக்குக் கச்சேரிக்குப் போவதை விட்டார். 1984இல் தம்பி இயக்கத்துக்குப் போனான். இனத்துக்காகப் போனான் என்பது உண்மை. ஆமிக்காரன்ர பெடியன் என்ற பெயரைக் கழுவப் போனான் என்பதும் உண்மை. 1986இல் அவனைச் சுட்டது ஆமியல்ல, இன்னொரு இயக்கம். ஆகவே அவன் மாவீரனுமல்ல. உங்கள் மேடையில் வாசிக்கும் பட்டியலில் அவன் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு சீருடை. இரண்டுக்கும் உங்கள் மண்டபத்தில் இடமில்லை. இடம் கேட்டு நான் இதை எழுதவில்லை. அந்தப் பெடியனுக்காக எழுதுகிறேன்.

1998இல் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம், பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். 2003இல் யுனிசெப்போடு செயற்திட்டம் ஒன்றுக்கு உடன்பட்டார்கள். அதற்குப் பிறகும் சேர்த்தார்கள். கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டபோது, வன்னித் தாய்மார் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். வயது வரமுன்னமே கலியாணம் கட்டிக் கொடுத்தார்கள், அந்த உடுப்பிலிருந்து காப்பாற்ற. பிள்ளையை ஒளிக்கத் தேவையில்லாத ஊருக்கு வந்து சேர்ந்த நாங்களோ, அதே உடுப்பை அளவு கொடுத்துத் தைப்பிக்கிறோம்.

ஒரு வாதம் வரும் என்று தெரியும். "சித்திரை 25 விடியற்காலையில் இந்த நாட்டுப் பிள்ளைகள் பாட்டன்மாரின் பதக்கங்களை வலப்பக்கம் குத்திக்கொண்டு அன்சாக் நினைவுக்குப் போகினமே, அவையளிட்டையும் கேட்பியளோ?" கேட்பேன். ஆனால் மங்கரேயில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறவர் மங்கரேயின் கதையையும் அறிந்திருக்க வேண்டும்.

1849இல் மாவோரித் தலைவர் தெ வேரோவேரோவோடு ஆளுநர் கிரே ஓர் உடன்படிக்கை செய்தார். தெ வேரோவேரோவின் ஆட்கள் இந்த மங்கரேயில் குடியேறினார்கள், ஓக்லாந்து நகரத்தைக் காவல் காக்க. மண்ணோடு வந்த காவற் குடும்பங்கள். 1863 ஆடியில், அரசிக்கு விசுவாசச் சத்தியம் செய், இல்லையேல் தெற்கே போ என்று கட்டளை வந்தது. காவல் காத்தவர்களின் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தார்கள். நிலம் பறிபோனது. முதல் உலகப் போரில் கட்டாய ஆட்சேர்ப்பு வைகாட்டோ மாவோரிகள் மேல் விழுந்தபோது, தெ வேரோவேரோவின் கொள்ளுப்பேத்தி தெ புயா இளைஞர்களைக் கொடுக்க மறுத்தார். 1918இல் பொலிசார் வந்து பிடித்துக்கொண்டு போய் நரோ நெக் முகாமில் அடைத்தார்கள். அங்கே அந்த இளைஞர்கள் சீருடை உடுக்க மறுத்துத் தண்டனை பெற்றார்கள்.

பிறகு இரண்டாம் உலகப் போரில் 28ஆவது மாவோரிப் பட்டாலியனில் சேர்ந்து போனவர்களும் மாவோரிகள்தான். அவர்கள் வளர்ந்தவர்கள், தாமாக முடிவெடுத்தவர்கள். உடுப்பதும் மறுப்பதும் வளர்ந்தவரின் உரிமை. ஆறு வயதுக்கு எந்த உரிமையும் இல்லை, ஊசி மட்டும்தான் உண்டு.

நவம்பர் 27இல் விளக்கேற்றுங்கள். அழுங்கள். பெயர்களை வாசியுங்கள், விடுபட்ட பெயர்களையும் வாசியுங்கள். பிள்ளையைப் பிள்ளையின் உடுப்பிலேயே கூட்டி வாருங்கள். மாமாவைப் பற்றி அவன் கேட்கும் நாளில் முழுவதையும் சொல்லுங்கள்: எதற்குச் சிரிப்பார், எப்படிச் செத்தார், அவருடைய துவக்கால் யார் யார் செத்தார்கள். என் அப்பாவால் சொல்ல முடியாமற் போனது அது. அதைச் சொல்லத் துணிவில்லாதவர்கள் உடுப்பையும் கொடுக்க வேண்டாம்.

அன்று அவன் மேடை ஏறினான். ஒரு வரி பிழைக்காமற் சொன்னான். சனம் கைதட்டியது. கால்ச்சட்டை நனைந்திருந்ததைத் தாயும் நானும் மட்டும் கண்டோம். அவன் அழவில்லை. அழக்கூடாது என்று யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.